தூய்மை விளம்பரமும் மேய்ச்சல் நிலத்து ஆறும்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுப் படிப்பு பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஒரு நாடு சுற்றுலாவுக்காகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும், அதன் நீர், நிலம், காட்டின் உண்மை நிலையும் ஒத்துப்போகின்றனவா என்பதை அங்கேயே போய்ப் படித்து ஆராய முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நியூசிலாந்தைக் குறிப்பிட்டு எழுதியவர்கள் அதிகம் என்பதால் இந்த இதழின் பதில்கள் அந்த நாட்டைப் பற்றியே.

சுற்றுலா மேலாண்மையில் முதுகலை முடிக்கப்போகிறேன். ஆராய்ச்சிக்கு எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது? பூட்டானா, தாய்லாந்தா, நியூசிலாந்தா?
– வாசகி, மதுரை

மூன்றுமே நல்ல களங்கள்தான், ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கானவை. பயணிகளின் எண்ணிக்கையைக் கட்டணத்தால் கட்டுப்படுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்க பூட்டான். அங்கே இந்தியர்கள் ஓர் இரவுக்கு 1,200 ரூபாயும் மற்ற நாட்டவர் 100 அமெரிக்க டாலரும் கட்டுகிறார்கள். கூட்டத்தால் சீரழிந்த இடத்தை மூடினால் மீளுமா என்று பார்க்க தாய்லாந்தின் மாயா விரிகுடா. 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில் திறந்தார்கள்.

விளம்பரத்துக்கும் நிலவரத்துக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் கேள்வி என்றால் நியூசிலாந்துக்கு ஈடில்லை. ‘நூறு சதவீதம் தூய நியூசிலாந்து’ என்ற ஒரே வாசகத்தை 1999 முதல் உலகமெங்கும் சொல்லிவரும் நாடு அது. அதே காலத்தில் அதன் ஆறுகளின் நிலையை மாதாமாதம் அளந்து, எவரும் பார்க்கும்படி வெளியிடும் நாடும் அதுதான். ஒரு பக்கம் உறுதிமொழி, மறு பக்கம் கணக்குப் புத்தகம். இரண்டும் இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது அபூர்வம். அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் ஆணையர் சைமன் அப்டன், சுற்றுலா இயற்கைக்கு வைக்கும் சுமையைப் பற்றி 2019 டிசம்பரிலும் 2021 பிப்ரவரியிலும் இரண்டு அறிக்கைகள் தந்திருக்கிறார். ஆய்வுத் திட்டம் எழுதத் தொடங்குமுன் அவை இரண்டையும் முழுதாகப் படித்துவிடுங்கள்.

அப்படியானால் அந்த விளம்பரம் பொய்யா?
– வாசகர், ஈரோடு

பொய் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் ஆய்வுக்கு ஒன்றும் மிஞ்சாது. விளம்பரத்தில் வருபவை பனிமலை, மலையிடுக்கில் புகுந்த கடல், அடர்ந்த காடு. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரசின் இயற்கைப் பாதுகாப்பு நிலம். அங்கே ஓடும் நீர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது. சிக்கல் தாழ்நிலத்தில். மேய்ச்சல் நிலங்கள் வழியாகவும் நகரங்கள் வழியாகவும் ஓடும் ஆறுகள்தான் கெட்டுப்போயிருக்கின்றன. 1990 வாக்கில் சுமார் 34 லட்சமாக இருந்த கறவை மாடுகள் 2010களில் 60 லட்சத்தைத் தாண்டின. தெற்குத் தீவின் கேன்டர்பரி சமவெளி முன்பு செம்மறியாட்டு நிலம். பாசனம் வந்ததும் அது பால் பண்ணைகளாக மாறியது. மாட்டின் மூத்திரம் விழும் சிறு திட்டில், புல் உறிஞ்சும் அளவைவிடப் பல மடங்கு நைட்ரஜன் சேர்கிறது. மிச்சம் நைட்ரேட்டாகிக் கீழே இறங்குகிறது. அடியில் இருப்பது சரளை மண். தடுக்க ஒன்றும் இல்லை.

இதனால் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. இடைவெளியை அளக்கிறேன் என்று, மலைகளுக்கிடையே கடல் புகுந்த மில்ஃபோர்டு சவுண்டுக்குப் போய் நீர் மாதிரி எடுப்பார்கள். அங்கே நீர் நன்றாகத்தான் இருக்கும். விளம்பரம் உண்மை என்று அறிக்கை எழுதிவிட்டுத் திரும்புவார்கள். பயணி கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு கடந்துபோகும் சமவெளியையும், அவர் இறங்கிப் படம் எடுக்கும் மலையையும் ஒரே பயணப் பாதையின் இரண்டு இடங்களாக எடுத்து அளந்தால்தான் ஏதாவது கிடைக்கும். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெகாப்போ ஏரி வழியாக அவுராக்கி மலைக்குப் போகும் சாலை இதற்கு வாகானது.

அரசியல் பக்கமும் சுவையானது. 2012இல் அப்போதைய பிரதமர் ஜான் கீ, இந்த வாசகத்தை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளக் கூடாது, மெக்டொனால்ட்ஸ் விளம்பர வாசகத்தைப் போன்றதுதான் என்ற பொருளில் பேசினார். ஆறுகளின் நிலையை வெளிப்படையாகப் பேசிய நன்னீர்ச் சூழலியலாளர் மைக் ஜாய் கடும் தாக்குதலுக்கு ஆளானார். பிறகு 2016 ஆகஸ்டில் ஹேவ்லாக் நார்த் என்ற ஊரில் குழாய்த் தண்ணீரைக் குடித்து ஆயிரக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள். குடிநீர்க் கிணற்றில் ஆட்டுச் சாணத்திலிருந்து வந்த கிருமி. அந்தச் சில ஆண்டுகளின் செய்தித்தாள்களை வரிசையாக எடுத்துப் பார்ப்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

செலவு கட்டுப்படியாகுமா? எந்தப் பல்கலைக்கழகம்?
– வாசகர், நாகர்கோவில்

ஒட்டகோ பல்கலைக்கழகம் (டனீடின் நகரம்) சுற்றுலாத் துறைக்குப் பெயர்பெற்றது. கிறைஸ்ட்சர்ச்சுக்கு அருகிலுள்ள லிங்கன் பல்கலைக்கழகம் பூங்கா, சுற்றுலா, சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் இடம். அதைச் சுற்றிலும் பால் பண்ணைகள் என்பதால் களம் வாசலிலேயே இருக்கிறது.

முதுகலைக்குப் போனால் வெளிநாட்டு மாணவர் கட்டணம். ஆண்டுக்கு 40,000 நியூசிலாந்து டாலரை ஒட்டி வரலாம். ஒரு டாலர் ஏறத்தாழ 50 ரூபாய் என்று போட்டால் 20 லட்சம். பலருக்கும் தெரியாத செய்தி இதற்கு அடுத்தது. முனைவர் பட்டத்துக்குச் சேரும் வெளிநாட்டு மாணவர்கள் 2006 முதல் உள்நாட்டு மாணவர் கட்டணமே கட்டுகிறார்கள். அது முதுகலைக் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். நியூசிலாந்திலேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இவர்களுக்கு வேலை நேரத்துக்கும் வரம்பில்லை. முதுகலை வகுப்பு மாணவர்களுக்கோ பாடக் காலத்தில் வாரம் 25 மணி நேரம்தான். 2025 நவம்பர் வரை அது 20 மணியாக இருந்தது.

ஆகவே இங்கேயே முதுகலை முடித்தவர்கள் மறுபடி ஒரு முதுகலைக்குப் பணம் கட்டுமுன் யோசியுங்கள். தடை எங்கே வரும் என்றால், நம் முதுகலைகளில் ஆய்வேடு சிறியதாக இருப்பதில். இறுதிப் பருவத்தில் பெயருக்கு 40 பக்கம் எழுதியிருந்தால் முனைவர் பட்டத்துக்கு நேரடியாக எடுக்கத் தயங்குவார்கள். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் அந்த ஆய்வேட்டை ஒழுங்காகச் செய்துவிடுவதே மிகப் பெரிய சேமிப்பு.

விண்ணப்பம் போடுவதற்கு முன் வழிகாட்டிப் பேராசிரியரின் சம்மதம் வேண்டும். அவருக்கு எழுதும் மின்னஞ்சல் அரைப் பக்கம் போதும்: என்ன கேள்வி, எந்த இடம், எந்தத் தரவு, அவருடைய எந்த ஆய்வோடு தொடர்பு. ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டலில்’ என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒரு பதிலும் வராது.

விசாவுக்கு என்னென்ன காட்ட வேண்டும்?
– வாசகி, திருச்சி

சேர்க்கைக் கடிதம், கல்விக் கட்டணம், ஓர் ஆண்டுச் செலவுக்கு 20,000 நியூசிலாந்து டாலர், திரும்பிவரும் பயணச் செலவு, மருத்துவக் காப்பீடு. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் மார்பு எக்ஸ்ரே. இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் காவல்துறைச் சான்று. விசாக் கட்டணம் 2024 அக்டோபர் 1 முதல் 750 டாலர். அதோடு, இயற்கைப் பாதுகாப்புக்கும் சுற்றுலாவுக்குமாகச் சர்வதேசப் பயணிகளிடம் வாங்கும் வரியாக இன்னும் 100 டாலர் சேரும். விண்ணப்பிக்கும் நாளில் குடிவரவுத் துறையின் தளத்தில் தொகைகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் காட்டுவதில்தான் அதிகம் மறுக்கப்படுகிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மாமா, சித்தப்பா எல்லோரும் போட்டுக் கணக்கில் திடீரென்று 15 லட்சம் ஏறியிருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். குறைந்தது ஆறு மாதம் நிலையாக இருந்த சேமிப்போ, வங்கியின் கல்விக் கடன் ஒப்புதலோ காட்டுவது பாதுகாப்பு. பிப்ரவரி வகுப்புக்கு அக்டோபருக்குள், ஜூலை வகுப்புக்கு மார்ச்சுக்குள் விசாக் கோப்பு தயாராக இருக்கட்டும்.

சொல்லப்போனால், அந்த 100 டாலர் வரியே ஒரு நல்ல ஆய்வுப் பொருள். 2019 ஜூலையில் 35 டாலராகத் தொடங்கியதை ஒரே அடியில் ஏறக்குறைய மூன்று மடங்காக்கினார்கள். அந்தப் பணம் எந்த மலைப்பாதைக்குப் போனது என்று பயணிகளுக்குத் தெரியுமா, தெரிந்தால் அவர்கள் மனத்திலுள்ள நாட்டின் பிம்பம் மாறுகிறதா?

ஒரு நாட்டின் ‘பிம்பத்தை’ எப்படி அளப்பது? ஐந்து புள்ளி அளவுகோலில் ‘அழகு, பாதுகாப்பு, தூய்மை’ என்று கேட்டால் போதுமென்கிறார் என் வழிகாட்டி.
– ஆய்வு மாணவர், சிதம்பரம்

போதாது. நீங்கள் கொடுத்த சொற்களுக்குத்தான் அவர்கள் மதிப்பெண் போடுவார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது வெளியே வராது. சுற்றுலா ஆய்வாளர்கள் எக்ட்னரும் ரிச்சியும் 1990களின் தொடக்கத்தில் வகுத்த முறை இன்றும் பயன்படுவதற்குக் காரணம் இதுதான். அளவுகோல் கேள்விகளோடு மூன்று திறந்த கேள்விகளையும் சேர்க்கச் சொன்னார்கள்: இந்த நாட்டை நினைத்தால் என்னென்ன காட்சி வருகிறது? அங்கே போனால் எப்படிப்பட்ட சூழலை, மனநிலையை எதிர்பார்க்கிறீர்கள்? வேறெங்கும் இல்லாத இடங்கள் என்று எவற்றைச் சொல்வீர்கள்? திறந்த கேள்விகளை முதலில் வையுங்கள். அளவுகோலை முதலில் வைத்தால் அதிலுள்ள ‘தூய்மை’ என்ற சொல்லையே திருப்பி எழுதித் தருவார்கள்.

எண்ணிக்கை விஷயத்தில் எல்லோரும் 384 என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 95 சதவீத நம்பகத்தில் கூட்டல் கழித்தல் 5 சதவீதப் பிழைக்கான எண் அது. மொத்தக் கூட்டத்தையும் ஒன்றாகப் பார்க்கும்போதுதான் செல்லும். அதையே இந்தியர், சீனர், ஆஸ்திரேலியர், அமெரிக்கர் என்று நான்காகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு 96 பேர். பிழை 10 சதவீதமாகிவிடும். அப்போது ‘சீனரைவிட இந்தியருக்கு நல்லெண்ணம் 6 சதவீதம் அதிகம்’ என்ற வரிக்குப் பொருளில்லை. குழுக்களை ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொரு குழுவிலும் 200 பேராவது வேண்டும். இல்லையேல் ஒப்பீட்டைக் கைவிடுங்கள்.

பயணத்துக்கு முன், பின் என்ற ஒப்பீட்டில் இன்னொரு குழி. குவீன்ஸ்டவுனில் ஊர் திரும்பக் காத்திருப்பவரிடம் ‘வருவதற்கு முன் என்ன நினைத்தீர்கள்’ என்று கேட்டால், அவர் இப்போது நினைப்பதைப் பழைய நினைவாக மாற்றித்தான் சொல்வார். வந்திறங்கும்போது ஒருமுறை, கிளம்பும்போது அதே ஆளிடம் ஒருமுறை கேட்க வேண்டும். இரண்டாவது முறை பாதிப் பேர்கூடப் பதில் தர மாட்டார்கள் என்று கணக்கிட்டு முதல் சுற்றில் இரு மடங்கு ஆளைச் சேருங்கள். ஒரு குடும்பத்தில் ஒருவரை மட்டும் கேளுங்கள்: அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவர். இல்லாவிட்டால் எப்போதும் குடும்பத்தில் அதிகம் பேசுகிறவரே பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்ஸ்டாகிராம் படங்களை வைத்தே பிம்பத்தை ஆராயலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

தாராளமாக. நியூசிலாந்தில் அதற்கு அருமையான பொருள் காத்திருக்கிறது. டெகாப்போ ஏரிக்கரையில் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களில் லூபின் பூக்கள் விரிந்து கிடக்கும். அந்த நாட்டைப் பற்றிய படங்களில் மிக அதிகம் பகிரப்படுபவற்றில் அதுவும் ஒன்று. அந்தச் செடி அங்கே வந்தேறிக் களை. மெக்கென்சி வட்டாரத்தில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் ஆறுகளின் சரளைத் திட்டுகளில் வேரூன்றி, மணலைப் பிடித்துவைத்து, ஆறு தடம் மாறுவதைத் தடுக்கிறது. வெற்றுச் சரளையில் முட்டையிடும் காக்கி என்ற கரும் நெடுங்கால் பறவைக்கும், வளைந்த அலகுள்ள ரைபில் பறவைக்கும் கூடு கட்ட இடமில்லாமல் போகிறது. செடி மறைவில் பூனையும் ஸ்டோட் எனப்படும் கீரி போன்ற விலங்கும் பதுங்குகின்றன. இயற்கைப் பாதுகாப்புத் துறை அந்தச் செடியை ஒழிக்கப் பணம் செலவிடுகிறது, பயணி அதைப் படமெடுக்கப் பணம் செலவிடுகிறார். வனாகா ஏரியில் தனியாக நிற்கும் புகழ்பெற்ற மரமும் வெளியிலிருந்து வந்த வில்லோதான்.

செய்முறை: ஒரு குறிச்சொல்லில் ஓராண்டுப் படங்களிலிருந்து மாதத்துக்கு 50 என்று எழுமாற்றாக 600 எடுங்கள். ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் எடுத்தால் லூபின் மட்டுமே மிஞ்சும், அல்லது பனி மட்டுமே மிஞ்சும். எதை எப்படிக் குறிப்பது என்ற விதிப்புத்தகத்தை முதலில் எழுதுங்கள். ‘இயற்கை’ என்று பொதுவாகக் குறிக்காமல் நாட்டு இனம், வந்தேறி இனம், மேய்ச்சல் நிலம், மனிதர், கட்டடம், வாகனம் என்று பிரியுங்கள். இருவர் தனித்தனியே குறிக்க வேண்டும். குறைந்தது 100 படங்களை இருவருமே குறித்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கப்பா மதிப்பு 0.7க்குக் கீழே வந்தால் விதிகளைத் திருத்தி மறுபடி தொடங்குங்கள். பெரும்பாலும் இடறுவது வந்தேறிச் செடிகளை அடையாளம் காண்பதில்தான். ஒரு தாவரவியல் மாணவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

எதெது இல்லை என்பதையும் எண்ணுங்கள். மாடு எத்தனை படத்தில் வருகிறது? பாசனக் குழாய்? பூர்வகுடிகளான மாவோரி மக்கள்? அந்தப் படங்களில் ஆளற்ற நிலமாகத் தெரிவது பல நூற்றாண்டுகளாக மக்கள் வாழும் நிலம். ஒரே மாதிரிப் படங்கள் பெருகியது கண்டு சுற்றுலா வாரியமே 2021 ஜனவரியில், அடுத்தவர் எடுத்த படத்தையே திரும்ப எடுக்காதீர்கள் என்று கேலி வீடியோ வெளியிட்டது. ஆசையைத் தூண்டியவர்களே கடிந்துகொண்டார்கள்!

நீர் மாதிரியை நானே எடுத்துச் சோதிக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

எடுக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நாள் எடுத்த பாட்டில் ஒரு நாளைத்தான் சொல்லும். வட்டார மன்றங்கள் மாதந்தோறும் எடுக்கும் அளவீடுகள் ‘லாவா’ என்ற பொதுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்தாண்டு இடைநிலை மதிப்பை அதிலிருந்து எடுத்து, உங்கள் மாதிரியை அதற்குத் துணையாக வையுங்கள்.

எடுப்பதானால் கிருமி நீக்கிய பாட்டில், நீரோட்டத்தை எதிர்த்து நின்று, மேற்பரப்புக்குச் சுமார் 20 செ.மீ. கீழே. ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். மழைக்குப் பின் இரண்டு, மூன்று நாள், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலைக் கிருமி கண்டபடி ஏறும். முந்தைய 72 மணி நேர மழை அளவைக் குறிக்காத மாதிரி குப்பைக்குத்தான். குளிப்பதற்கு, 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை 260 வரை இருந்தால் பச்சை, 550க்கு மேல் சிவப்பு.

நைட்ரேட்டில் அலகு குழப்பிவிடும். இந்தியக் குடிநீர்த் தரம் நைட்ரேட்டாகவே எழுதப்படுகிறது: லிட்டருக்கு 45 மி.கி. நியூசிலாந்து அறிக்கைகள் நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனை மட்டும் எழுதும்: குடிநீர் வரம்பு 11.3. இதை 4.43ஆல் பெருக்கினால் 50 வரும். இது தெரியாமல், கேன்டர்பரி கிணறு ஒன்றில் 8 என்று பார்த்துவிட்டு ‘நம் 45ஐவிட எவ்வளவோ குறைவு’ என்று எழுதினால் கதை முடிந்தது. அந்த 8, நம் கணக்கில் 35. ஆற்று உயிர்களுக்கான வரம்பு இன்னும் கடுமை: ஆண்டு இடைநிலை 2.4ஐத் தாண்டக் கூடாது.

யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்?
– வாசகி, வேலூர்

மூன்று இடத்தில். மனிதர்களிடம் கேள்வி கேட்பதற்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு. இயற்கைப் பாதுகாப்பு நிலத்தில் மாதிரி எடுக்க, கருவி பொருத்த, பயணிகளை நிறுத்திக் கேள்வி கேட்க இயற்கைப் பாதுகாப்புத் துறை. ட்ரோன் பறக்கவிடவும் அவர்களிடமே தனி அனுமதி. அந்த நிலத்துக்குரிய மாவோரிக் குலத்தாரிடம் கலந்தாலோசனை. தெற்குத் தீவின் பெரும்பகுதிக்கு ங்காய் தாஹு.

மூன்றாவதைச் சடங்காக நினைத்துக் கடைசியில் வைத்துக்கொள்பவர்கள்தான் ஆறு மாதம் இழக்கிறார்கள். ‘என் கேள்வித்தாள் தயார், ஒப்புதல் தாருங்கள்’ என்று போனால் முகம் சுளிப்பார்கள். கேள்வி உருவாகும்போதே போங்கள். 2017 சட்டப்படி வங்கானுயி ஆறு ஒரு சட்டபூர்வ ஆளாக ஏற்கப்பட்ட நாடு அது. ‘ஆற்றின் சுற்றுலா மதிப்பு எவ்வளவு’ என்ற உங்கள் கேள்வியே அங்கே தவறாகப் படலாம். கிடைத்த தகவல் யாருக்குச் சொந்தம், எங்கே வைக்கப்படும் என்பதையும் முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அனுமதிகள் எல்லாவற்றுக்குமாக ஐந்தாறு மாதம் ஒதுக்குங்கள். டிசம்பர்–பிப்ரவரிக் கோடையில் களப்பணி என்றால் ஜூனிலேயே தொடங்க வேண்டும்.

ஊறுகாய், பொடி கொண்டுபோகலாமா?
– வாசகி, காரைக்குடி

கொண்டுபோகும் உணவு எல்லாவற்றையும் அறிவிப்புப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் அதிகபட்சம் பொருளை வாங்கிவைத்துக்கொள்வார்கள். மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். தேனும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டவே வேண்டாம். பலர் மறப்பது பழைய நடைக் காலணியையும் கூடாரத்தையும். ஒட்டியிருக்கும் மண்ணுக்காக அவற்றையும் அறிவிக்க வேண்டும். உள்ளே போன பிறகும் இந்த ஒழுங்கு தொடரும். ஓர் ஆற்றில் இறங்கிய காலணியோடு இன்னோர் ஆற்றில் இறங்கினால் டிடிமோ என்ற பாசியைச் சுமந்துபோவீர்கள். ஒட்டியிருப்பதை அகற்றி, கழுவி, தொட்டால் ஈரமில்லாதபடி காய்ந்த பின் இன்னும் 48 மணி நேரம் விட வேண்டும். களத்திட்டத்தில் இரண்டு ஜோடிக் காலணி போடாதவர்கள் காத்திருந்தே நாள் கழிப்பார்கள்.

போக வசதியில்லை. திருநெல்வேலியில் இருந்தே செய்ய முடியுமா?
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பாதிக்கு மேல் முடியும். லாவா தளத்தின் நீர்த் தரவு, புள்ளிவிவரத் துறையின் மாதாந்திர வருகைக் கணக்கு, வணிக அமைச்சகத்தின் சர்வதேசப் பயணியர் கணக்கெடுப்பு, சுற்றுலா வாரியத்தின் பழைய விளம்பரப் படங்கள் எல்லாம் இணையத்தில் உண்டு. இங்கிருந்து போகப்போகிறவர்களின் எதிர்பார்ப்பைச் சென்னை, கோவைப் பயண முகவர்கள் வழியாக நீங்களே அளக்கலாம். அங்கே போய்ச் செய்வதைவிட அதை இங்கே செய்வதுதான் சரி. முடியாதது அவர்கள் திரும்பும்போது கேட்பதும் குலத்தாரோடு பேசுவதும். முதல் பாகத்தை இங்கே முடித்துவிட்டு, களப்பணிக்கு மட்டும் போகலாம். பார்வையாளர் விசாவில் மூன்று மாதம் வரை படிக்க அனுமதி உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் அழைப்புக் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.